பிரமிடைக் கட்டியவர்களின் கணக்கேடு

உலக அதிசயங்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் என் வகுப்பறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஐயா, பிரமிடுகளைக் கட்டியவர்கள் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களாமே?" உடனே இன்னொரு குரல் மறுக்கும்: "இல்லை ஐயா, அடிமைகளைச் சவுக்கால் அடித்துக் கட்டியது, படத்தில் பார்த்திருக்கிறேன்." எதிரெதிரான விடைகள்தாம். ஆயினும் வேலை செய்தவனுக்கு ஒரு பெயரும், ஊரும், தொழில்நுட்ப அறிவும் இருந்திருக்கக்கூடும் என்ற நினைவு இரண்டிலும் இல்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

பண்டைக் கிரேக்கர் பட்டியலிட்ட ஏழு அதிசயங்களுள் இன்றும் நின்றுகொண்டிருப்பது கீசாவின் பெரிய பிரமிடு ஒன்றே. எகிப்தின் நான்காம் அரசமரபைச் சேர்ந்த கூஃபு மன்னனுக்காக, கி.மு. 26ஆம் நூற்றாண்டளவில் அது எழுப்பப்பட்டது. அடித்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 230 மீட்டர். முதலில் இருந்த உயரம் ஏறத்தாழ 146 மீட்டர். அதில் அடுக்கப்பட்ட கற்கள் 23 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். உட்பகுதிக்கான கல் அருகிலேயே வெட்டப்பட்டது. மேலே போர்த்திய வெண்சுண்ணாம்புக்கல் நைல் ஆற்றின் மறுகரையிலுள்ள துராவிலிருந்து வந்தது. மன்னனின் அறைக்கான கிரானைட் கல் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள அஸ்வானிலிருந்து ஆற்றுவழி வந்தது. வேலை இருபது ஆண்டுகள் நடந்தது எனக் கொண்டால், நாள்தோறும் முந்நூறுக்கு மேற்பட்ட கற்கள் ஏறியிருக்க வேண்டும். அதாவது, பத்து மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல்!

இருபது ஆண்டுகள் என்ற கணக்கை நமக்குத் தந்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஒரு லட்சம் பேர் மூன்று மாத முறைவைத்து உழைத்தனர் என்றும், கூஃபு கோயில்களை அடைத்த கொடுங்கோலன் என்றும் அவர் எழுதினார். ஆனால் அவர் வாழ்ந்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டு. பிரமிடு எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தபின், வழிகாட்டிகளும் பூசாரிகளும் சொல்லக் கேட்டதை அவர் பதிந்தார். அவருக்கே அது பழங்கதை. நாமோ அதை நேரில் கண்டவர் சாட்சியம்போல நெடுங்காலம் நம்பிவந்தோம்.

நேரில் கண்டவர்கள் சாட்சியம் விட்டுச் சென்றிருக்கிறார்கள். பெரிய பிரமிடில் மன்னனின் அறைக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சிறு அறைகள் உள்ளன. அவற்றுள் மேலிருக்கும் நான்கும் 1837இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துத் திறக்கும்வரை மூடியே கிடந்தன. உள்ளே, எவரும் பார்க்கப் போவதில்லை என்றிருந்த கற்களின்மேல், செங்காவி நிறத்தில் வேலைக் குழுக்களின் அடையாளக் குறிப்புகள் காணப்பட்டன. 'கூஃபுவின் நண்பர்கள்' என்பது ஒரு குழுவின் பெயர். பின்வந்த மென்காவ்ரே மன்னனின் பிரமிடில் வேலை செய்த ஒரு குழு தன்னை 'மென்காவ்ரேயின் குடிகாரர்கள்' என்று அழைத்துக்கொண்டது. வேலைத்தலத்துக் கேலி நான்காயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கல்லில் காயாமல் இருக்கிறது.

1990இல் கீசாவில் ஒரு குதிரை கால் இடறியது. இடறிய இடத்தில் மண்ணுக்கடியில் பழஞ்சுவர் ஒன்று தெரிந்தது. தோண்டியபோது தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த எலும்புகள் பலவற்றில் முதுகும் முழங்காலும் தேய்ந்திருந்தன. பளு தூக்கிய உடல்கள் அவை. முறிந்த எலும்புகள் கட்டுப்போடப்பட்டு நேராகக் கூடியிருந்தன, மருத்துவம் கிடைத்திருக்கிறது. மன்னனின் கல்லறைக்கு அருகிலேயே தமக்கெனக் கல்லறை அமைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்திருக்கிறது. சற்றுத் தள்ளி மார்க் லெஹ்னர் குழுவினர் அகழ்ந்த குடியிருப்பில் ரொட்டி சுடும் கூடங்களும், ஆடுமாடுகளின் எலும்புக் குவியல்களும் கிடைத்தன. இக்குடியிருப்பின் பெரும்பகுதி கூஃபுவுக்குப் பின்வந்த காஃப்ரே, மென்காவ்ரே காலத்தது எனினும், பிரமிடுத் தொழிலாளி என்ன உண்டான் என்பதை அது காட்டிவிட்டது.

இவை அனைத்தையும் விஞ்சிய சான்று 2013இல் கிடைத்தது. செங்கடற்கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னும் இடத்தில் கூஃபு காலத்துத் துறைமுகம் ஒன்று உண்டு. அங்கே பாறையில் குடைந்த பண்டசாலைகளின் வாயிலில், பிரெஞ்சு அறிஞர் பியர் தாலே தலைமையிலான குழுவினர் பப்பைரஸ் சுவடித் துண்டுகளைக் கண்டெடுத்தனர். எழுத்துள்ள பப்பைரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று மெரர் என்ற மேற்பார்வையாளனின் நாட்குறிப்பு.

ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட படகுக் குழுவுக்கு மெரர் தலைவன். சுவடியில் நாளுக்கொரு கட்டம் வகுத்து அன்றன்றைய வேலை எழுதப்பட்டிருக்கிறது. இன்று துராவில் கல் ஏற்றினோம். இன்று படகு புறப்பட்டது. இரவு 'கூஃபுவின் ஏரி'யில் தங்கல். மறுநாள் 'கூஃபுவின் அடிவானம்' சேர்ந்தோம் என்ற போக்கில் மாதக்கணக்காகப் பதிவுகள் செல்கின்றன. 'கூஃபுவின் அடிவானம்' என்பதுதான் பெரிய பிரமிடின் அக்காலப் பெயர். மன்னனின் உறவினனான அன்க்ஹாஃப் என்ற உயரதிகாரியின் பெயரும் வருகிறது. உடன் கிடைத்த வேறு சுவடிகளில் ரொட்டி முதலிய உணவுப்பொருள்களின் வரவுக் கணக்கு உள்ளது.

வியப்புச் சொல் ஒன்றுகூட இல்லாத குறிப்பு இது. கல் ஏற்றுவதும் இறக்குவதும் அவனுக்கு அன்றாட வேலை. வகுப்பில் இதைச் சொன்னபோது, தந்தை கட்டட மேஸ்திரியாக இருக்கும் மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்கப்பா சட்டைப்பையிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும் ஐயா. எத்தனை லோடு மணல், எத்தனை ஆள், சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும்" என்றான். நான் படித்த எந்த விளக்கத்தைவிடவும் அது மெரரை எனக்கு அருகில் கொண்டுவந்தது.

ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அடிமைகள் அல்லர் என்பதால், விரும்பி வந்த கூலியாட்கள் என்று பொருளாகாது. அரசு ஊர்தோறும் ஆள் கேட்டது, அனுப்ப வேண்டியிருந்தது. நம் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிக்கும் கட்டாய ஊழியத்தின் சாயல் அதில் உண்டு. 'கூஃபுவின் நண்பர்கள்' அனைவரும் மனமுவந்து வந்தவர்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ளத் தேவையில்லை. தேய்ந்த முதுகெலும்புகளும் சாட்சிகளே.

மலையளவு கல்லறை கட்டிக்கொண்ட கூஃபுவின் பெயரோடு முழுமையாகக் கிடைத்திருக்கும் சிலை, 1903இல் அபிடோசில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த தந்தச் சிலை ஒன்றுதான். அதன் உயரம் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். அவனுக்காகக் கல் சுமந்த படகுக்காரனின் மாதக்கணக்கான நாள்களோ, தேதி வாரியாக நம் கையில் இருக்கின்றன.

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய கேள்வி அடுத்த ஆண்டும் வரும். நான் மாணவர்களைக் கடிந்துகொள்வதில்லை. மெரரின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குவேன்.