பாகங்கள் பொருந்திய கதை

கொரியாவில் செய்த ஒரு றாம் துண்டு, தாய்வான் மதர்போட்டில் 'கிளிக்' என்று போய் உட்காருகிறது. வேறெங்கோ செய்த பவர் சப்ளை இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. சாமான்களைக் கடை கடையாக விலை பார்த்து வாங்கி, வீட்டிலேயே ஒரு கம்பியூட்டரைப் பொருத்தலாம் என்று நாங்கள் துணிவது இதனால்தான். ஆனால் இந்தப் பொருத்தம் சும்மா வந்ததில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகக் கம்பனிகள் ஒன்றோடொன்று மோதி, பிறகு ஏதோ ஒரு உடன்பாட்டுக்கு வந்ததால் கிடைத்தது. மோதல் முடிந்த இடங்களில் எந்தச் சாமானையும் யோசிக்காமல் வாங்கலாம். முடியாத இடங்களில்தான் எங்கட காசு வீணாகிறது.

ஐபிஎம் திறந்த கதவு

1977இலேயே ஆப்பிள் 2 போன்ற சிறிய கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பெரிய இயந்திரங்களின் ராஜாவான ஐபிஎம் இந்தச் சந்தைக்குப் பிந்தித்தான் வந்தது. புளோரிடாவின் போகா ரட்டோனில் இருந்த ஒரு சிறிய குழுவுக்கு ஏறத்தாழ ஒரு வருடம்தான் அவகாசம். எல்லாவற்றையும் தானே செய்வது ஐபிஎம்மின் வழக்கம். ஒரு வருடத்தில் அது ஏலாது. ஆகவே புரொசெசரை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசொப்ட்டிடமும் எடுத்தார்கள்.

1981 ஓகஸ்ட் 12இல் ஐபிஎம் பிசி அறிமுகமானது. 16 கிலோபைட் நினைவகத்தோடு அடிப்படை விலை 1565 டொலர். உள்ளே 5 ஸ்லொட்டுகள். அதில் போடும் காட்களை மற்றவர்களும் செய்து விற்கட்டும் என்று, சுற்று வரைபடங்களோடு ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டார்கள்.

ஒரேயொரு பூட்டு மட்டும் இருந்தது: பயோஸ். கணினியைத் தட்டி எழுப்பும் சின்ன நிரல் அது. அதன் வரிகளும் கையேட்டிலேயே அச்சாகியிருந்தன. யாரும் வாசிக்கலாம், ஆனால் பதிப்புரிமை இருப்பதால் பிரதி எடுக்க முடியாது.

பூட்டைத் திறந்த விதம் சுவாரசியமானது. 1982இல் ஹூஸ்டனில் தொடங்கிய கொம்பாக் கம்பனி, வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் ஐபிஎம்மின் நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலும் காணாத மறுபக்கம், அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. வேலை அதேதான், வரிகள் வேறு. 1983இல் விற்பனைக்கு வந்த அவர்களின் 'தூக்கிச் செல்லும்' கணினி 12 கிலோவுக்கு மேல் பாரம். எண்டாலும் முதல் வருடத்தில் 53,000 விற்றது.

1984இல் பீனிக்ஸ் என்ற கம்பனி இதே முறையில் ஒரு பயோஸ் செய்து, கேட்ட கம்பனிகளுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதோடு கதவு முழுக்கத் திறந்துவிட்டது. சின்னக் கம்பனிகளும் பிசி செய்யத் தொடங்கின, விலை இறங்கியது. ஒரு இயந்திரம் உண்மையிலேயே ஐபிஎம்மோடு பொருந்துகிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் லோட்டஸ் 1-2-3 ஐயும் மைக்ரோசொப்ட்டின் விமானம் ஓட்டும் விளையாட்டையும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஓடினால் பாஸ்.

மூடப் பார்த்த கதவு

சந்தை கைவிட்டுப் போவதைக் கண்ட ஐபிஎம், 1987இல் பிஎஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. அதன் 'மைக்ரோ சனல்' ஸ்லொட் பழையதைவிட நல்லது. ஆனால் பழைய காட் எதுவும் அதில் ஏறாது. மற்றவர்கள் அதைப் பாவிக்க வேண்டுமென்றால் ஐபிஎம்முக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1988இல் கொம்பாக், எச்பி, எப்சன் உட்பட 9 கம்பனிகள் சேர்ந்து, பழைய காட்களையும் ஏற்கும் ஈசா என்ற தரத்தை அறிவித்தன. ஈசாவும் வீட்டுக் கணினிகளுக்குள் பெரிதாக வரவில்லை. ஆனால் ஒரே கம்பனி எல்லாருக்கும் சட்டம் போடும் காலம் அதோடு முடிந்தது. பிஎஸ்/2 வரிசையில் எங்களிடம் மிஞ்சியது, கீபோட்டுக்கும் மவுஸுக்கும் உரிய வட்டச் செருகியும் விஜிஏயும்தான்.

பொருத்தியவர்களின் பயம்

கதவு திறந்திருந்தாலும் 1990களின் தொடக்கத்தில் கணினி பொருத்துவது லேசான காரியமில்லை. அப்போதைய பவர் சப்ளையிலிருந்து பி8, பி9 என்று இரண்டு செருகிகள் வரும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினால் மதர்போட் எரிந்துபோகலாம். 'கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கம் வர வேணும்' என்பது அப்போது பொருத்தியவர்களின் மனப்பாடம். சவுண்ட் காட் போட்டால் அது பிரிண்டரோடு முட்டும். காட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஜம்பர்களை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் இதில் பாதிப் பயத்தைப் போக்கியது. ஒரே செருகி, ஒரு பக்கமாக மட்டும்தான் ஏறும். திருகாணித் துளைகளுக்கும் பின்பக்கத் துவாரங்களுக்கும் இடம் குறிக்கப்பட்டது. இன்றைக்கும் நாங்கள் வாங்கும் கேஸிங் அந்தத் தரத்தின் தொடர்ச்சிதான். இந்த இடத்தில் மோதல் ஓய்ந்துவிட்டது, அரைவாசிக்கு மேல்.

மீதியை ஏன் சொல்கிறோம் என்றால், 1990களின் பிற்பகுதியில் டெல் செய்த சில கணினிகளில் ஏடிஎக்ஸ் போலவே செருகி இருந்தது, உள்ளே வயர்களின் ஒழுங்கு வேறு. பிராண்ட் அலுவலகக் கணினிகள் பலவற்றில் இன்றும் பவர் சப்ளையும் மதர்போட்டும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவத்தில்தான் இருக்கின்றன. பாவித்த அலுவலகக் கணினியை மலிவாக வாங்கி, பிறகு கிராபிக்ஸ் காட் போடலாம் என்று நினைக்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னும் முடியாத இடங்கள்

ஒரு காலத்தில் சொக்கெட் 7 மதர்போட்டில் இன்டெல்லையும் போடலாம், ஏஎம்டியையும் போடலாம், சைரிக்ஸையும் போடலாம். 1997இல் இன்டெல் பென்டியம் 2க்காக ஸ்லொட் 1க்கு மாறியது. அது மற்றவர்களுக்குத் திறந்ததல்ல. ஏஎம்டி 1999இல் ஸ்லொட் ஏ கொண்டுவந்தது. இரண்டும் பார்க்க ஒன்று, மின் இணைப்பு வேறு. அன்றைக்குப் பிரிந்த வீடு இன்னும் சேரவில்லை.

ஒரே கம்பனிக்குள்ளும் கவனம் வேணும். 2017இல் வந்த இன்டெல் 8ஆம் தலைமுறைக்குச் சொக்கெட் பழைய 1151தான், ஆனால் முந்தைய மதர்போட்டுகளில் அது வேலை செய்யாது. அதே காலத்து ஏஎம்டியின் ஏஎம்4 வேறு கதை. 2017இல் வாங்கிய போட்கள் பலவற்றில், பயோஸை மாற்றினால் 2022இன் புரொசெசரும் ஓடியது. பாவித்த சாமான் வாங்குபவர்களிடையே ஏஎம்4க்கு மதிப்பு இருப்பது அதனால்தான்.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் தேவை? 200 ரூபா அளவில் நின்ற டொலர், 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் அப்படி ஏறவில்லை. பொருந்தாத ஒரு மதர்போட்டை வாங்கினால், அது ஒரு மாதச் சேமிப்பு போன மாதிரி. ஆகவே காசு கொடுக்க முதல் இவற்றைப் பாருங்கள்:

புரொசெசரும் மதர்போட்டும்: சொக்கெட் பெயர் மட்டும் போதாது. மதர்போட் செய்த கம்பனியின் தளத்தில் புரொசெசர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் புரொசெசரும், அதற்குத் தேவையான பயோஸ் பதிப்பும் இருக்க வேணும்.

றாம்: டிடிஆர்4உம் டிடிஆர்5உம் 288 முனைகள்தான், வெட்டு இருக்கும் இடம் வேறு. இன்டெல் 1700 சொக்கெட் போட்களில் இரண்டு வகையும் உண்டு, ஒரு போட் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்.

படம்: இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்4இல் 'ஜி' இல்லாத ரைசன்களும் அப்படித்தான். காட் வாங்கக் காசில்லை என்றால் இதை மறக்கக்கூடாது.

கிராபிக்ஸ் காட்: புதுக் காட் பழைய ஸ்லொட்டில் ஏறும். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல 4 லேன் மட்டும் உள்ள மலிவான காட்கள், பழைய போட்டில் வேகம் குறையும். நீளத்தையும் கேஸிங்கோடு அளந்து பாருங்கள்.

பவர் சப்ளை: காட்டுக்குத் தேவையான செருகி இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் பிடிக்கிறதென்றால் கேஸிங்கில் பிடியுங்கள், இதில் வேண்டாம். இது பழுதானால் மற்றச் சாமான்களையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

விற்பவர் "எல்லாம் செற் ஆகும்" என்று சொன்னாலும் மொடல் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, ஒரு இரவு இருந்து பார்த்துவிட்டு அடுத்த நாள் போங்கள். ஐபிஎம்மின் கையேட்டை வாசித்தவர்கள்தான் அன்றைக்குப் பூட்டைத் திறந்தார்கள். இன்றைக்கும் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது.