புரோலாக்கும் ஒரு புணே நம்பிக்கையும்

கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி சமஸ்கிருதமே என்ற பேச்சு புணேயில் அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, ரிக் பிரிக்ஸ் 1985இல் ‘ஏஐ மேகசின்’ இதழில் எழுதிய கட்டுரை. வாக்கியப் பொருளைப் பகுத்துரைக்கச் சமஸ்கிருத இலக்கணிகள் கையாண்ட முறை, செயற்கை நுண்ணறிவின் பொருள் வலைப்பின்னலை ஒத்தது என்பதே அதன் வாதம். நிரல் எழுதச் சமஸ்கிருதமே சிறந்தது என்று அது நிறுவவில்லை.

இலக்கண விதியைக் கணினி எவ்வாறு ஏற்கிறது என்பதைப் புரோலாக்கின் வரலாறு காட்டுகிறது. 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கோல்மெரோரும் பிலிப் ரூசெலும் அதை உருவாக்கினர். எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியின் தருக்க ஆய்வு அதற்குத் துணைநின்றது. பிரெஞ்சு மொழியில் கணினியோடு உரையாடுவதே அவர்களது நோக்கம். புரோலாக்கில் செய்முறையின் படிகளை அன்றி, உண்மைகளையும் விதிகளையுமே எழுதுகிறோம். விடையைக் கணினி தேடுகிறது.

நன்னூலின் உடம்படுமெய் விதியைக் கொள்வோம். இகர ஈற்றின் முன் உயிர் வந்தால் யகரம் தோன்றும். ‘மணி’, ‘அடித்தது’ இரண்டையும் கொடுத்தால் ‘மணியடித்தது’ கிடைக்கும். முறையாக எழுதப்பட்ட அதே விதி, ‘மணியடித்தது’ என்பதைத் திரும்பப் பிரித்தும் காட்டும்.

புணேயிலேயே இதற்கு இணையான சான்றுண்டு. இந்நகரில் பிறந்த அரவிந்த் ஜோஷி, சக ஆய்வாளர்களுடன் 1975இல் மர இணைப்பு இலக்கணத்தை முன்வைத்தார். பின்னர் புணே சீடாக் உருவாக்கிய ‘மந்த்ரா’, அவ்விலக்கணத்தைக் கொண்டே ஆங்கில அலுவல் ஆவணங்களை இந்திக்கு மொழிபெயர்த்தது. அங்கே உதவியது எந்த மொழியின் தனிச்சிறப்பும் அன்று. மனிதர் தெளிவாக வகுத்த விதிகளே.

இன்றைய மொழி மாதிரிகள் விதிகளின்றிப் பெருந்தரவிலிருந்து கற்கின்றன. அவை தவறும்போது காரணம் காண்பது கடினம். எழுதப்பட்ட விதியிலோ, பிழை எந்த வரியில் உள்ளது என்று சுட்டலாம். மொழிப் பெருமையைவிட, இத்தெளிவே மொழியியலாளர் காக்க வேண்டிய மரபு.