அலகநந்தா என்னும் சுருள் மண்டலம்

இரவில் மாட்டுங்காவின் மொட்டை மாடியொன்றில் நின்று வானத்தை நோக்கினால், நகர விளக்குகளின் ஒளியையும் மீறிச் சில நட்சத்திரங்களே தென்படும். நாம் வாழும் பால்வீதிகூட நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும், அதற்கும் வெகு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தின் வரலாற்றில் இம்மாநகருக்குப் பங்குண்டு.

1845-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு ராஸ் பிரபு, ஆறடி விட்டமுள்ள ஆடி பொருத்திய தம் தொலைநோக்கியின் வழியே வானத்துப் புகைப்படலம் ஒன்றில் சுருள் வடிவத்தைக் கண்டார். இத்தகைய சுருள்கள் பால்வீதியினுள் இருப்பவையா, புறத்தே இருப்பவையா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1923-இல் ஆண்ட்ரோமீடாச் சுருளில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை ஹப்பிள் கண்டு, அதைக் கொண்டு தொலைவைக் கணித்தார். சுருள்கள் தனி மண்டலங்களே என்பது அதன்பின் உறுதியாயிற்று.

நம் நாட்டில், ஹோமி பாபா 1945-இல் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பம்பாயில் வேரூன்றியது. 1963-இல் அங்கு வந்து சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப், இரண்டே ஆண்டுகளில், மாட்டுங்காவிலிருந்து மின்சார ரயிலில் சென்றடையக்கூடிய கல்யாணில் 32 சிறு கிண்ண ஏரியல்களை நிறுவி, விண்ணின் ரேடியோ அலைகளை ஆராய்ந்தார். 1970-இல் உதகை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. பின்னர்ப் புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் அமைந்தன. இம்மரபில் வளர்ந்ததே, அந்நிலையத்தின் அங்கமாகப் புனேயில் இயங்கும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம்.

அம்மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவரும் 2025-இல் ஒரு சுருள் மண்டலத்தைப் பற்றி அறிவித்தனர். இம்முறை துணை நின்றவை ரேடியோ அலைகள் அல்ல. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்கள். ஏபெல் 2744 என்னும் மண்டலக் கூட்டத்துக்கும் பின்னால் அது உள்ளது. அக்கூட்டத்தின் ஈர்ப்பு, உருப்பெருக்கும் கண்ணாடியைப் போல் ஒளியை வளைத்து, அதை ஏறத்தாழ இருமடங்கு பிரகாசமாகக் காட்டுகிறது. அதன் குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டுகள். நடுவே ஒரு பிரகாசமான திரட்சி. அதன் இருபுறமும் ஒழுங்காகச் சுழன்று செல்லும் இரு கரங்கள். கரங்களின் நெடுகிலும், நூலில் கோத்த மணிகளைப் போல், நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 சூரியன்களின் நிறையுள்ள நட்சத்திரங்கள் அங்கே உருவாயின.

இதில் வியப்பென்ன? நாம் காணும் ஒளி 1,200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் புறப்பட்டது. அப்போது பிரபஞ்சத்தின் வயது 150 கோடி ஆண்டுகளே. சூரியனும் பூமியும் தோன்றவில்லை. அந்த இளம்பருவத்து மண்டலங்கள் உருக்குலைந்தும் கொந்தளித்தும் இருந்திருக்கும். இத்துணை ஒழுங்கு அமைய நெடுங்காலம் ஆகும் என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அக்கருத்தை இப்போது திருத்த வேண்டியதாயிற்று. குளிர்ந்த வாயு சீராக வந்து சேர்ந்ததாலா, சிறு மண்டலமொன்று மோதியதாலா இக்கரங்கள் தோன்றின என்பது இனி ஆராயப்பட வேண்டுவது.

இம்மண்டலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் அலகநந்தா. பால்வீதிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். இமயத்தில் அவ்விரு பெயர்களையும் தாங்கிய ஆறுகள் ருத்ரப்பிரயாகையில் ஒன்று கூடுகின்றன. வடிவில் பால்வீதியை ஒத்திருப்பதாலேயே உடன்பிறந்த ஆற்றின் பெயர் அதற்கு வாய்த்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இப்பெயரை மட்டும் பெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வோம். ராஸ் பிரபு கண்ட சுருளுக்கு நம் மொழிகளில் அன்று பெயரில்லை. இந்தச் சுருளோ நம் நாட்டு ஆற்றின் பெயரோடு உலக ஏடுகளில் ஏறியிருக்கிறது.