கிரிபயேதவ் கொலையும் 'ஆங்கிலேயன் கை'யும்

1829 பெப்ரவரி 11. ஹிஜ்ரி 1244 ஷஃபான் மாதத்தின் முற்பகுதி. அன்று தெஹ்ரான் நகரின் கடைத்தெரு மூடிக் கிடந்தது. பள்ளிவாசலில் திரண்ட மக்கள் ரஷ்யத் தூதுவர் தங்கியிருந்த மாளிகையை நோக்கிப் புறப்பட்டனர். உள்ளிருந்தோர் சுட்டனர், வந்தோர் கூரையேறி இறங்கினர். சில மணி நேரத்துள் தூதுவரும் அவரது குழுவைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டு விட்டனர். சிதைந்து கிடந்த தூதுவரின் உடலை, பத்தாண்டுகளுக்கு முன்னர் திப்லிஸ் நகரில் ஒற்றைக்கொற்றைத் துப்பாக்கிச் சண்டையொன்றில் காயப்பட்ட அவரது கையைக் கொண்டே அடையாளம் கண்டார்கள்.

அந்தத் தூதுவர்தான் அலெக்ஸாந்தர் கிரிபயேதவ். 'அறிவினால் வந்த துயரம்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய நாடகத்தின் ஆசிரியர். 1824இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நாடகத்தை முழுமையாக அச்சிடத் தணிக்கை அதிகாரிகள் இடந்தரவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகவே அது ரஷ்யா முழுவதும் பரவிற்று. அதன் நாயகன் சாத்ஸ்கியைப் பற்றி விருந்தொன்றில் ஒரு பெண் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லி விடுகிறாள். அது வாய்க்கு வாய் வளர்ந்து, இரவு முடிவதற்குள் அவன் பைத்தியக்காரன் என்பது ஐயத்துக்கிடமில்லாத உண்மையாகி விடுகிறது. வதந்தி எவ்வாறு பிறக்கிறது, அதனை யார் யார் தத்தம் வசதிக்காக ஊட்டி வளர்க்கிறார்கள் என்பதை இத்தனை துல்லியமாகக் காட்டிய எழுத்தாளரின் மரணமே, இருநூறு ஆண்டுகளாக வதந்தியின் பிடியில் சிக்கியிருக்கிறது.

கொலைக்கு வித்திட்டது எது? ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் 1826இல் மூண்ட போர், 1828 பெப்ரவரியில் துர்க்மன்சாய் உடன்படிக்கையோடு முடிவுற்றது. எரிவான், நக்சிவான் ஆகிய பிரதேசங்களை ஈரான் இழந்தது. போர் நட்டஈடாக 2 கோடி வெள்ளி ரூபிள் செலுத்தவும் ஒப்புக்கொண்டது. அந்த உடன்படிக்கை உருவானதில் கிரிபயேதவுக்குப் பெரும் பங்குண்டு. அதனைப் பேரரசர் முதலாம் நிக்கலஸிடம் கொண்டு சேர்த்தவரும் அவரே. அதே உடன்படிக்கையை நிறைவேற்றி வைக்கும் பொறுப்போடுதான் அவர் தூதுவராக அனுப்பப்பட்டார். கடன்காரனின் கணக்குப்பிள்ளையாக வந்தவரை வரவேற்க யார் காத்திருப்பார்?

உடன்படிக்கையின் 13ஆம் ஷரத்து, போர்க்காலங்களில் பிடிக்கப்பட்ட கைதிகளைத் திருப்பியனுப்ப வேண்டும் என்றது. காகிதத்தில் இது எளிமையான நியாயம். ஆனால் ஜோர்ஜியாவிலிருந்தும் ஆர்மேனியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பெண்கள் பலர் ஈரானியப் பிரபுக்களின் வீடுகளில் மனைவியராக, பணிப்பெண்களாக, பிள்ளைகளின் தாய்மாராக வாழ்ந்துகொண்டிருந்தனர். அவ்வாறான இருவரை, ஷாவின் முன்னாள் பிரதம அமைச்சர் அல்லாஹ்யார் கானின் வீட்டிலிருந்து வரவழைத்துத் தூதுவர் தம் மாளிகையில் தங்க வைத்தார். அதே நாட்களில் மிர்ஸா யாகூப் என்பவரும் அங்கே அடைக்கலம் புகுந்தார். எரிவானைச் சேர்ந்த ஆர்மேனியரான இவர் இளமையிலேயே பிடிக்கப்பட்டு, விதையடிக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, ஷாவின் அந்தப்புரத்தில் பொருளாளர் நிலைக்கு உயர்ந்தவர். அரண்மனையின் கணக்கும் கதையும் அவர் கைக்குள் இருந்தன. இப்போது ரஷ்ய மண்ணாகி விட்ட எரிவானுக்குத் திரும்ப வேண்டும் என்றார்.

மார்க்கத்தை விட்டுப் போகிறார் என்றது ஒரு தரப்பு. கருவூலத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறார் என்றது அரண்மனை. முஸ்லிம் பெண்கள் அந்நியர் வீட்டில் பலவந்தமாக வைக்கப்பட்டுள்ளனர் என்ற செய்தி கடைத்தெருவுக்கு எட்டியது. அவர்களை மீட்பது கடமை என்று முஜ்தஹித் மிர்ஸா மஸீஹ் அறிவித்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பின் நடந்ததை மேலே கண்டோம்.

சினம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய எவரும் தூரம் போக வேண்டியதில்லை. தோற்ற போர், பறிபோன நிலம், நட்டஈட்டுக்காகப் பிழியப்பட்ட வரி, இவற்றின் மேல் வீட்டுக்குள் நுழைந்த கை. கொலையை இவை நியாயப்படுத்தி விடா. தூதுவரைக் கொல்லலாகாது என்பது நமது மார்க்கத்தின் தொன்மையான நெறிகளுள் ஒன்று. கூட்டத்தில் இருந்தோர் அதனை மீறியே நின்றனர். ஆனால் காரணங்கள் அவர்களுடையவை. அவற்றை அவர்களிடமிருந்து பறிக்கும் வேலை, குருதி காயுமுன்பே ஆரம்பமாயிற்று.

தூதரக அதிகாரிகளுள் உயிர் தப்பியவர் முதற் செயலாளர் இவான் மால்த்ஸொவ் ஒருவரே. ஈரானில் இருந்தவரை அரசுக்கு இதில் பங்கில்லை என்று அவர் சொல்லி வந்தார். எல்லையைத் தாண்டியதும் நேர் மாறாக எழுதினார். உயிரோடு வெளியேற வேண்டியிருந்ததால் அப்படி நடித்தேன் என்பது அவரது விளக்கம். ஒரே சாட்சிக்கு இரண்டு வாக்குமூலங்கள்! இனிப் பிறக்கப்போகும் கதைகளுக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் வேறென்ன வேண்டும்?

அல்லாஹ்யார் கான் பழிதீர்த்துக்கொண்டார் என்றனர் சிலர். யாகூபின் வாயை அடைக்க ஷாவே கூட்டத்தை ஏவினார் என்றனர் வேறு சிலர். ஆனால் எல்லாவற்றையும் விஞ்சி நிலைத்தது, ஆங்கிலேயர் செய்வித்தனர் என்ற கதைதான். காக்கேசியாவின் ரஷ்யத் தளபதி பஸ்கேவிச் ஆரம்பத்திலேயே அந்த ஐயத்தைத் தம் கடிதத்தில் கிளப்பினார். 1830இல் எடின்பரோவின் 'பிளாக்வுட்' சஞ்சிகை, தூதுக்குழுவோடு இருந்த ஒரு பாரசீகர் சொன்னதாக நீண்ட விவரணமொன்றை வெளியிட்டது. தூதுவரின் பணியாளர்களது அத்துமீறல்களே அழிவுக்குக் காரணம் என்ற தொனி அதில் இருந்தது. குற்றவாளியே தயாரித்த சாட்சியம் இது என்று பின்வந்த சோவியத் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர்.

ஆங்கிலேயருக்கு நோக்கம் இருந்ததா? ஈரானில் தம் செல்வாக்குச் சரிவதை அவர்கள் விரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் மறுபுறம் பார்க்க வேண்டும். 1814ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஈரானுக்கு உதவும் கடப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, 1828இல் பிரித்தானியத் தூதுவர் ஜோன் மெக்டொனால்ட் 2 இலட்சம் தோமான் கொடுத்தார். ரஷ்யாவுக்கான நட்டஈட்டைக் கட்டவே அப்பணம் உதவிற்று. மீண்டும் போர் மூண்டால் ரஷ்யா ஈரானை மேலும் விழுங்கும் என்பது லண்டனுக்குத் தெரியாததல்ல. கொலைக்கு எதிராகக் கடுமையான கண்டனக் கடிதம் எழுதியவரும் அதே மெக்டொனால்ட். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிபயேதவின் மனைவி நீனோ, ஜோர்ஜியக் கவிஞர் அலெக்ஸாந்தர் சவ்சவாட்ஸேயின் மகள். அப்போது வயது 16, கர்ப்பிணி. தெஹ்ரானுக்குப் புறப்பட்ட கணவர் அவரைத் தப்ரீஸில் விட்டுச் சென்றார். அங்கே அவரைப் பராமரித்தது மெக்டொனால்ட் குடும்பம்தான்.

இத்தனையிருந்தும் கதை சாகவில்லை. அது எல்லோருக்கும் பயன்பட்டது. அன்று ரஷ்யா உஸ்மானியரோடு போரில் இருந்தது. இன்னொரு போர்முனை அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஷாவின் பேரன் குஸ்ரவ் மிர்ஸா தூதாக அனுப்பப்பட்டார். 1829 ஒகஸ்ட்டில் பீற்றர்ஸ்பேர்க் அரண்மனையில் மன்னிப்புக் கோரினார். நிக்கலஸ் அச்சம்பவத்தை மறதிக்கு விட்டுவிடுவதாகச் சொன்னார். நட்டஈட்டு மீதியில் ஒரு பகுதி தள்ளுபடியானது. ரஷ்ய வெளிவிவகார அமைச்சர் நெசல்ரோடேயோ, தூதுவரின் மட்டுமீறிய உற்சாகத்தையே குறை சொன்னார். இறந்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை அல்லவா?

குஸ்ரவ் மிர்ஸா கொண்டுவந்த பரிசுகளுள் 88.7 கரட் எடையுள்ள 'ஷா' வைரம் பிரசித்தமானது. அஹ்மத்நகரின் புர்ஹான் நிஸாம் ஷா, முகலாயர் ஷாஜஹான், ஈரானின் பத்ஹ் அலீ ஷா ஆகிய மூவரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 'கிரிபயேதவின் குருதிக்கு விலை' என்று மக்கள் அதனைச் சொல்லி வந்தாலும், அரசர்க்கரசர் அனுப்பும் வழக்கமான அன்பளிப்பு என்றே கருதுவோரும் உளர். இன்று அது மொஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. (அந்த இளவரசருக்குக் கிடைத்த பரிசு வேறு: சில ஆண்டுகளில் முஹம்மத் ஷா அரியணையேறியபோது அவரது கண்கள் பறிக்கப்பட்டன.)

இருபதாம் நூற்றாண்டில் கதை புதுச் சட்டை அணிந்தது. டிசம்பர்வாதிகளின் 1825 எழுச்சியை அடுத்துக் கிரிபயேதவ் கைதாகி விடுதலையானவர். ஆகவே சார் மன்னனே அவரைச் சாவுக்கு அனுப்பினான் என்பதும், ஏகாதிபத்திய ஆங்கிலேயர் முடித்து வைத்தனர் என்பதும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. யூரி தின்யானொவ் 1920களின் இறுதியில் எழுதிய நாவல் இச்சூழலுக்கு மங்காத வண்ணம் பூசிற்று. நல்ல நாவல், வரலாற்றின் மேல் எத்தனை கனமாக உட்கார்ந்துவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இக்கொலையை 1958இல் ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர் டி.பி. கொஸ்டெலோ என்ற நியூசிலாந்துக்காரர். மொஸ்கோவில் இராஜதந்திரியாக இருந்து, பின்னர் மன்செஸ்டரில் ரஷ்ய மொழிப் பேராசிரியரானவர். அவரே சோவியத் உளவாளி என்ற குற்றச்சாட்டு அவரது மறைவுக்குப் பின்னும் ஓயவில்லை. சதிக்கதையைத் தொட்டவரைச் சதிக்கதை விடுவதில்லை போலும்.

ஈரானியரிடமும் இப்பழக்கம் வேறு திசையிலிருந்து ஊன்றிக்கொண்டது. 1973இல் ஈரஜ் பெஸெஷ்க்ஸாத் எழுதிய 'மாமா நெப்போலியன்' நாவலின் கிழவர், வீட்டில் எது நடந்தாலும் ஆங்கிலேயனின் வேலை என்பார். ஈரான் முழுவதும் அதைப் படித்துச் சிரித்தது. 1953இல் முஸத்திக்கின் ஆட்சியை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்து உண்மையாகவே கவிழ்த்த நாடு அது என்பதால், சிரிப்பில் சற்றுக் கசப்பும் இருந்தது. அந்நியன் கை சில வேளை உள்ளே இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அது எங்கே, யாருடையது, எந்தச் சான்றோடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நமது பத்திரிகைகளும் மேடைகளும் இக்கேள்வியைக் கேட்பதில் சோம்பல் காட்டுவதை இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை.

தெஹ்ரான் கதையில் எனக்கு உறுத்துவது மிர்ஸா யாகூப்தான். ரஷ்யக் கதையில் அவர் தூதுவரை விழவைத்த தூண்டில். அரண்மனைக் கதையில் திருடர். கடைத்தெருக் கதையில் முர்தத். கூட்டம் முதலில் வெட்டியவர்களுள் அவரும் ஒருவர். மன்னிப்பும் வைரமும் கிரிபயேதவின் பெயரால் பீற்றர்ஸ்பேர்க் போய்ச் சேர்ந்தன. பல ஆண்டுகளாக ஓர் அந்தப்புரத்தில் கணக்கெழுதிய பின், சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வந்து கதவைத் தட்டியவர் அவர்.