கேம்ஷாஃப்ட் மாற்றம் (வி-ட்வின் எஞ்சின்)

வி-ட்வின் மோட்டார்சைக்கிள் எஞ்சினில் தொழிற்சாலை பொருத்திய கேம்ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வால்வுகளை வேறு நேரத்தில், வேறு உயரத்துக்குத் திறக்கும் தண்டைப் பொருத்துவது கேம்ஷாஃப்ட் மாற்றம் எனப்படும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். தண்டிலுள்ள மேடு டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ்ராடைத் தூக்கும். புஷ்ராடு ராக்கர் ஆர்மைத் தள்ள, வால்வு திறக்கும். எஞ்சின் எந்த வேகத்தில் நன்றாக மூச்சுவிடும் என்பது பெரும்பாலும் அந்த மேட்டின் வடிவத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் 45 பாகை எஞ்சின்களில்தான் இக்கலை செழித்து வளர்ந்தது.

வரலாறு

ஹார்லி-டேவிட்சன் 1909-இல் வெளியிட்ட முதல் வி-ட்வினில் உள்ளிழுப்பு வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே வால்வைத் திறந்தது. அந்த எஞ்சின் சரிவர ஓடவில்லை. 1911-இல் உள்ளிழுப்பு வால்வையும் கேமே திறக்கும் எஞ்சின் வந்தது. அதுமுதல், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்க முடிந்தது.

1928-இல் வந்த ஜே.டி.எச். வண்டி, பந்தய எஞ்சின்களின் வழியைப் பின்பற்றி இரண்டு கேம்களோடு விற்பனையானது. 1929-இல் வந்த 45 கன அங்குல ‘டி’ வண்டியில் வால்வுக்கு ஒன்றாக நான்கு தனிக் கேம்கள், பல்சக்கரத்தால் இயங்கின. இந்த நான்கு கேம் அமைப்பு 1952-இன் ‘கே’ வண்டிக்கும், 1957-இன் ஸ்போர்ட்ஸ்டருக்கும், 1970-இன் எக்ஸ்.ஆர்.750 பந்தய வண்டிக்கும் வந்துசேர்ந்தது. ஒவ்வொரு வால்வின் நேரத்தையும் தனித்தனியே மாற்ற இடம்தந்ததால், பந்தயத்துக்கு எஞ்சின் தயாரிப்போர் இதையே விரும்பினர். சான் ஹோசே நகரின் ஹார்லி முகவர் டாம் சிஃப்டன் பந்தய எஞ்சின்களுக்குத் தாமே கேம் வடித்துப் புகழ்பெற்றார். அவர் பெயர் பின்னர் கேம் வணிகப் பெயராகவும் நிலைத்தது.

பெரிய எஞ்சின்கள் வேறு வழியில் போயின. 1936-இன் நக்கிள்ஹெட்டில் நான்கு மேடுகளும் ஒரே தண்டில் அமைந்தன. பேன்ஹெட் (1948), ஷவல்ஹெட் (1966), எவல்யூஷன் (1984) என மூன்று தலைமுறைகள் இதைத் தொடர்ந்தன. 1958-இல் ஜார்ஜ் ஸ்மித்தும் ஸ்டான்லி ஸ்டான்கோஸும் தொடங்கிய எஸ் அண்ட் எஸ் நிறுவனத்தின் முதல் சரக்கு, எடை குறைந்த புஷ்ராடு. கேமை மட்டும் மாற்றினால் போதாது, கேமிலிருந்து வால்வு வரையுள்ள உறுப்புகள் அனைத்தும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற பாடம் அதிலேயே இருந்தது.

1999 மாதிரியாக வந்த ட்வின் கேம் 88 (1450 கன செ.மீ.), முன் சிலிண்டருக்கு ஒன்று, பின் சிலிண்டருக்கு ஒன்று என இரு தண்டுகளைக் கொண்டது.

வகைகள்

இயக்கும் முறையைக் கொண்டு ட்வின் கேம் தண்டுகளைச் செயின் வகை, கியர் வகை எனப் பிரிக்கலாம். தொழிற்சாலை அமைப்பில் ஒரு செயின் கிராங்கிலிருந்து பின் கேமையும், மற்றொன்று பின் கேமிலிருந்து முன் கேமையும் சுழற்றும். தொடக்ககால எஞ்சின்களில் ஸ்பிரிங் அழுத்தும் பிளாஸ்டிக் கட்டைகள் செயின்களை இறுக்கிப் பிடித்தன. கட்டை தேய்ந்தால் அதன் துகள் எண்ணெயில் கலந்து ஆயில் பம்பைக் கெடுக்கும். 2006-இல் டைனா வண்டிகளிலும், 2007-இல் மற்றவற்றிலும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்தது. கியர் வகையில் தேயக் கட்டையே இல்லை. நிலையான தீர்வு அதுவே. ஆனால் கிராங்க் முனையின் ஆட்டம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். செயினில் இரு தண்டுகளும் ஒரே திசையில் சுழலும், கியரில் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஆகையால் ஒன்றுக்கு வடித்த தண்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தேர்வு

விளம்பரங்கள் முன்னிறுத்துவது லிஃப்ட் அளவை, அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை. தேர்வில் அதைவிட முக்கியமானது, உள்ளிழுப்பு வால்வு எப்போது மூடுகிறது என்பது. பிஸ்டன் கீழ்முனையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு திறந்தே இருக்கும். வேகம் குறைவாக இருக்கையில், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி அதே வழியாக வெளியே தள்ளப்படும். வேகம் மிகுந்தால் கலவையின் ஓட்டமே அதைத் தடுத்து, சிலிண்டரை மேலும் நிரப்பும். ஆகவே சீக்கிரம் மூடும் கேம் தாழ்ந்த வேகத்தில் இழுவை தரும்; தாமதித்து மூடும் கேம் உயர் வேகத்தில் குதிரைத்திறன் தரும்.

ஹார்லி வட்டாரத்தில் இந்நேரத்தை டேப்பெட் 0.053 அங்குலம் எழுந்த நிலையில் அளப்பர். கீழ்முனைக்குப் பின் 30 முதல் 35 பாகைக்குள் மூடுவது கனமான பயண வண்டிக்கு உகந்தது. 50 பாகையைத் தாண்டினால் அழுத்த விகிதத்தையும் உயர்த்த வேண்டும். இல்லையேல் வண்டி கீழ் வேகத்தில் சோம்பிவிடும். சாலையில் ஓடும் வண்டிக்குச் சிறிய கேமே சிறந்த கேம்.

பொருத்துதல்

முதலில் தொழிற்சாலை புஷ்ராடுகள் வெளியே வர வேண்டும். ராக்கர் மூடியைத் திறக்க விரும்பாதவர் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, நீளம் மாற்றக்கூடிய புஷ்ராடுகளைப் போடுவர். டேப்பெட்டுகளைக் காந்தத்தால் மேலே நிறுத்தி, கேம் மூடியையும் தாங்கு தகட்டையும் கழற்றுவர். உள் ஊசி பேரிங்குகளை இத்தருணத்தில் மாற்றாமல் விடுவது தவறு. ஸ்பிராக்கெட்டுகளில் உள்ள குறிகள் நேருக்கு நேர் வருமாறு புதிய தண்டுகளை அமர்த்த வேண்டும். லிஃப்ட் மிகுந்த தண்டானால் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த இடத்தை அறுத்து அளப்பர். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 0.080 அங்குலம், வால்வுக்கும் வால்வுக்கும் இடையே 0.060 அங்குலம் குறைந்தபட்சம் தேவை.

புஷ்ராடை நீட்டிச் சரிசெய்யும் வேலையில் பொறுமை வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் மேல்முனையில் நிற்கையில் புஷ்ராடை நீட்டினால், ஹைட்ராலிக் டேப்பெட்டுக்குள் எண்ணெய் நிறைந்திருப்பதால் வால்வு சற்றே திறந்துகொள்ளும். எண்ணெய் கசிந்து இறங்கியதும் வால்வு மூடும். இரு விரலால் திருப்பினால் புஷ்ராடு இலகுவாகச் சுழல வேண்டும். அதுவரை கிராங்கைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுச் சுற்றினால் வால்வு வளையும். இறுதியாக, எரிபொருள் அளவைப் புதிய கேமுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

இன்றைய நிலை

2017 மாதிரியாக வந்த மில்வாக்கி-எயிட், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் இருந்தும், மீண்டும் ஒற்றைக் கேமுக்குத் திரும்பியது.