மரவள்ளிக்கிழங்கு: வறண்ட கடலோரப் பகுதியில் பாதுகாப்பாக உண்ணும் முறை

மரவள்ளிக்கிழங்கு, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு, கப்பக்கிழங்கு எனப் பல பெயர்களால் வழங்கப்படும் இக்கிழங்கு, பாக் நீரிணையின் இரு கரைகளிலும் மீன் குழம்புடன் விரும்பி உண்ணப்படுகிறது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 160 கிலோ கலோரி ஆற்றலும் 38 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. புரதம் 1.4 கிராம் அளவே உள்ளது. முறையாகச் சமைத்தால் இது நல்ல உணவு. முறை தவறினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நச்சு எவ்வாறு உருவாகிறது?

கிழங்கிலும் இலையிலும் லினாமரின் என்னும் பொருள் இயற்கையாகவே உள்ளது. கிழங்கை வெட்டும்போதோ மெல்லும்போதோ லினாமரேஸ் என்னும் நொதி இதனுடன் கலப்பதால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. சதைப்பகுதியைவிடத் தோலில் இந்நச்சு மிகுதி. கசப்பான கிழங்கில் நச்சு கூடுதலாக இருக்கக்கூடும்; கசப்பு இல்லை என்பதால் மட்டும் பச்சையாக உண்ணலாகாது.

வறட்சிக் காலத்தில் கூடுதல் கவனம்

நீர்ப் பற்றாக்குறைக்கு உள்ளாகும் செடியின் கிழங்கில் லினாமரின் அளவு உயரும். வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் இதனை மறத்தல் கூடாது. நல்ல மழை ஆண்டில் தீங்கு செய்யாத அதே இரகம், மழை பொய்த்த ஆண்டில் கூடுதல் நச்சுடன் விளையலாம். 1981-இல் மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் கடும் வறட்சி நிலவியபோது, சரிவரப் பதப்படுத்தாத மரவள்ளியையே முதன்மை உணவாகக் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால்கள் செயலிழக்கும் ‘கான்சோ’ நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

சமைக்கும் முறை

1. மேல்தோலையும் அதனடியில் உள்ள தடித்த உள்தோலையும் முழுமையாக நீக்கவும்.
2. சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவவும்.
3. துண்டுகள் நன்கு மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் ஊற்றிப் பாத்திரத்தை மூடாமல் வேக வைக்கவும். லினாமரின் நீரில் கரையும். சயனைடு ஆவியாக வெளியேறும்.
4. வெந்த நீரை முழுவதும் வடித்துக் கொட்டவும். அதனைக் குழம்புக்கோ கஞ்சிக்கோ பயன்படுத்தக் கூடாது.

கிழங்கை முழுதாகச் சுடுவதாலோ எண்ணெயில் பொரிப்பதாலோ மட்டும் நச்சு போதிய அளவு நீங்காது. மரவள்ளி உண்ணும் நாளில் இஞ்சியைத் தவிர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வழக்கம் மேற்கண்ட முறைக்கு மாற்றாகாது.

மீனுடன் உண்பது ஏன் நன்று?

உடலில் சேரும் சிறிதளவு சயனைடைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றில் இவை கிடைக்கின்றன. எனினும், மீனுடன் உண்பதால் சரிவர வேகாத கிழங்கு பாதுகாப்பானதாகிவிடாது. நாள்தோறும் மரவள்ளியை மட்டுமே உண்பதைத் தவிர்க்கவும். அயோடின் குறைபாடு உள்ளோருக்கு அது கழுத்துக்கழலையை மிகுவிக்கலாம். நீரிழிவு நோயாளிகள் மருத்துவர் கூறும் அளவில் உண்ணவும்.

நச்சேற்றத்தின் அறிகுறிகள்

உண்ட சில மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றலாம். கடுமையான நிலையில் வலிப்பும் மயக்கமும் ஏற்படும். உடல் எடை குறைவாக இருப்பதால் குழந்தைகள் விரைவில் பாதிக்கப்படுவர். வீட்டு மருத்துவம் செய்து காலம் தாழ்த்த வேண்டா. வாந்தி எடுக்கத் தூண்டவும் கூடாது. உடனே 108 அவசர ஊர்தியை அழைத்து, மரவள்ளி உண்ட செய்தியை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

பயிரிடுவோர் கவனத்திற்கு

நீர் தேங்காத செம்மண், மணற்பாங்கான நிலங்கள் இப்பயிருக்கு ஏற்றவை. உவர் நிலம் ஏற்றதன்று. உணவுக்கென வளர்ப்போர், ஆலைப் பயன்பாட்டு இரகங்களைத் தவிர்த்துச் சமையலுக்குரிய இரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1963-இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் இரகங்களை உருவாக்கி வழங்கியுள்ளன. அறுவடை செய்த கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் கெடத் தொடங்கும். ஆதலின் தேவைக்கேற்பவே தோண்டுக. பச்சை இலையையும் தோலையும் ஆடு மாடுகள் மேயாதவாறு அப்புறப்படுத்துக.