காலி என்று நினைத்த சிலிண்டர்

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான்தான் வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருவேன். போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, இதில் பசையே இல்லையே, எப்படித் தண்ணீரை நிறுத்தும்?" மெத்தென்று இருப்பதால் மரையின் இடுக்கை அடைத்துக்கொள்ளும் என்றேன். பிறகு அது பிறந்த கதையையும் சொன்னேன்.

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடம். 27 வயது ராய் பிளங்கெட், ஃபிரிட்ஜுக்குப் புது வாயு தேடிக்கொண்டிருந்தார். அதற்காக டெட்ராஃப்ளூரோஎத்திலீன் வாயுவைச் சிறு சிலிண்டர்களில் அடைத்துக் குளிரில் வைத்திருந்தார். அன்று அவரும் உதவியாளர் ஜாக் ரீபாக்கும் ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. காலி என்று ஒதுக்கியிருக்கலாம். எடை போட்டுப் பார்த்தார்கள், எடை குறையவில்லை! அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. வாயு தானாகவே நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஆகியிருந்தது.

அந்தப் பொடியை அமிலம் அரிக்கவில்லை. அதன் மேல் எதுவும் ஒட்டவில்லை. கார்பனும் ஃப்ளூரினும் போட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கம். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில், எதையும் அரிக்கும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடைத் தாங்கும் அடைப்பு வேண்டியிருந்தது. இதுதான் கைகொடுத்தது.

ஆனால் வார்ப்பது சுலபமில்லை. 327 டிகிரியில் உருகினாலும் மற்ற பிளாஸ்டிக் போல ஓடாது. செங்கல் அறுத்துச் சூளை வைப்பதுபோல, பொடியை அழுத்தி, பிறகு சுட வேண்டும்.

குணத்திலும் ஒரு குறை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அமிலக் குழாய்க்கு டெஃப்லான் கேஸ்கட் போட்டு, ரப்பருக்கு முடுக்குவதுபோல ஒரே தரம் முடுக்கிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை சொட்டுச் சொட்டாக அமிலம். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. அழுத்தத்தில் டெஃப்லான் மெல்ல மெல்லப் பிதுங்கும். மறுபடி போல்ட்டை முடுக்க வேண்டும் என்று ஃபோர்மேன் திட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய குறை வேறொன்று. டெஃப்லான் தயாரிக்கச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்திலும் அதே இறுக்கமான முடிச்சு. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த ஆலையிலிருந்து அது குடிதண்ணீரில் கலந்தது. மண்ணிலும் ரத்தத்திலும் தங்கியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவியல் குழு சொன்னது. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

சிலிண்டரை எடை போட்டவர்களின் புத்தி, ஆலைக் கழிவை ஆற்றில் விட்டவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

பேரன் கடைசியாகக் கேட்டான்: "அப்போ நம்ம தோசைக்கல்?" பயமில்லை, காலிக் கல்லைப் பெருந்தீயில் காய வைக்காதே, புகை கெடுதல் என்றேன். அவன் பாட்டி மறுநாளே இரும்புக் கல்லைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.